ஒரு காரின் அகலத்தில் ரோஜாத் தோட்டம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பல் விளக்கிக்கொண்டே வாசலுக்கு வந்தேன். என் மனைவி கலா என் இன்ச் டேப்பை எடுத்து, என் ரோஜாப் பாத்தியை அளந்துகொண்டிருந்தாள்.

டேப்பின் ஒரு முனை காம்பவுண்டுச் சுவர் ஓரம் ஒரு செங்கல்லுக்கு அடியில் இருந்தது. மறுமுனை அவள் கையில். நடுவே என் செடிகள், ஆபரேஷனுக்கு முன் பேனாவால் குறி போடப்பட்ட நோயாளிகளைப் போல நின்றுகொண்டிருந்தன.

"என்னம்மா அளக்குற?"

"கார் நிக்குமான்னு பாக்கறேங்க."

"எந்தக் கார்?"

"வாங்கப்போற கார்."

வாயில் இருந்த நுரையைத் துப்ப இடம் தேடினேன். பாத்தியிலேயே துப்பியிருக்கலாம். அதற்கு மேல் அந்தச் செடிகளுக்கு என்ன கெடுதல் வந்துவிடப்போகிறது.

போன வாரம் இந்தத் தொடரில் நான் மிக்ஸியைப் பழுது பார்த்த கதையைப் படித்துவிட்டுப் பலர் அனுதாபம் தெரிவித்திருந்தார்கள். எனக்கு அல்ல, கலாவுக்கு. அவர்கள் இந்த வாரத்தை மனம் தளராமல் கடைசி வரை படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இதில் நான் ஜெயிக்கிறேன். என் சரித்திரத்தில் அது அடிக்கடி நடப்பதில்லை என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ரோஜா ஊரில் குச்சி வளர்த்தவன்

ஓசூரில் ரோஜா வளர்ப்பது ஒரு சாதனையே இல்லை. அதுதான் என் பிரச்சினை. ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் பசுமைக்குடில்கள். பிப்ரவரி மாதத்தில் இங்கிருந்து விமானம் ஏறிப் போகும் ரோஜாக்களைக் கொடுத்துத்தான் எங்கெங்கோ இருக்கும் இளைஞர்கள் தங்கள் காதலைச் சொல்கிறார்கள். குளிர், மண், காற்று எல்லாம் ரோஜாவுக்கென்றே அமைந்த ஊர். இங்கே ரோஜா வராதவன் வேறு எங்கே போய் முகத்தைக் காட்டுவான்?

தொழிற்பேட்டைக்குப் பின்னால் உள்ள ஒரு லேஅவுட்டில் எங்கள் வீடு. வாசலுக்கும் கேட்டுக்கும் நடுவே ஒரு கார் நிற்கிற அளவு மண் இருந்தது. ஒரு கார் நிற்கிற அளவு என்பது அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குத் தெரியவந்தது. அதுவரை அதை ஒரு ரோஜாத் தோட்டம் நிற்கிற அளவு என்று நினைத்திருந்தேன்.

செடிகள் வாங்கி வந்தபோது நன்றாகத்தான் இருந்தன. நர்சரியில் பூவோடு கொடுத்தார்கள். அந்தப் பூ உதிர்ந்த பிறகு அடுத்த பூ வரவில்லை. மொட்டு வரும், பட்டாணி அளவுக்குப் பருக்கும், கருகும். இலைகளின் ஓரம் அப்பளத்தைத் தணலில் காட்டியது போலப் பழுப்பேறிச் சுருளும். பிறகு இலையும் போகும். மிச்சம் இருப்பது முள் வைத்த குச்சி.

நான் சும்மா இருக்கவில்லை. முட்டை ஓடு போட்டேன். வெங்காயத் தோல், வாழைப்பழத் தோல், டீத்தூள், வேப்பம்பிண்ணாக்கு, மண்புழு உரம் என்று அந்தப் பாத்தி எங்கள் வீட்டு மனிதர்களைவிட நன்றாகச் சாப்பிட்டது. புத்தகங்கள் படித்தேன். எல்லாம் குளிர்தேசத்துக்காரர்கள் எழுதியவை. பனி உறைந்தால் என்ன செய்ய வேண்டும், மான் வந்து கடித்தால் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். மான் வந்தால் சமாளித்துவிடுவேன்.

நிபந்தனை

கலா கார் கேட்டது நியாயம். அவள் ஒரு சிறு தொழிற்கூடத்தில் கணக்குப் பார்க்கிறாள். தினமும் ஸ்கூட்டரில் போய் வருகிறாள். எங்கள் ஊர் ரிங் ரோட்டில் ஸ்கூட்டர் ஓட்டுவது, யானைக் கூட்டத்துக்கு நடுவே முயல் வாக்கிங் போவது மாதிரி. ஒருநாள் ஒரு டிரெய்லர் லாரி கடந்துபோன காற்றே அவளைச் சாய்த்துவிட்டது. முழங்கையில் சிராய்ப்புதான். ஆனால் அன்று இரவே டிரைவிங் ஸ்கூலில் சேர முடிவு செய்துவிட்டாள். லைசென்சும் வாங்கிவிட்டாள், முதல் முயற்சியிலேயே. எனக்கு மூன்று முயற்சி ஆனது என்பதை இங்கே சொல்ல வேண்டிய அவசியமில்லை.

"தெருவுல விட்டா லாரிக்காரன் திருப்பறப்ப உரசிட்டுப் போவான். உள்ளதான் விடணும்," என்றாள்.

"அந்த இடத்துல ரோஜா இருக்கு கலா."

"எங்க?" என்று கேட்டாள். நிஜமாகவே தேடுவது போல ஒரு பார்வை பார்த்தாள்.

"இப்பதான் வேர் பிடிச்சிருக்கு. கொஞ்சம் டைம் குடு."

டேப்பை விட்டாள். அது சர்ரென்று சுருண்டு உள்ளே போனது.

"சரிங்க. ஆயுத பூஜைக்குள்ள ஒரு பூ. ஒண்ணே ஒண்ணு. விரிஞ்ச பூவா இருக்கணும். கருகின மொக்கெல்லாம் கணக்குல வராது. பூத்துச்சுன்னா அந்த எடம் உங்களுது, நான் வாயத் தொறக்கல. பூக்கலன்னா எல்லாத்தையும் புடுங்கிட்டு சிமெண்ட்டு போட்டுடலாம்."

கார் வந்ததும் ஆயுத பூஜைக்கு அதற்குப் பூஜை போட வேண்டும், அதே நாளில் உள்ளே நிறுத்த வேண்டும் என்பது அவள் திட்டம். நல்ல திட்டம்தான். கம்பெனியில் இப்படித் தெளிவாக இலக்கு சொல்கிற மேலதிகாரி எனக்கு வாய்த்ததே இல்லை.

தண்ணீர் பார்த்தவளும் பார்க்காதவனும்

இந்த இடத்தில் கொஞ்சம் விலகிப் போக வேண்டியிருக்கிறது.

நான் கரிசல் காட்டுக்காரன். எங்கள் பக்கம் கை கழுவுவதென்றால்கூட ஏதாவது ஒரு செடியின் தலைமாட்டில் நின்றுதான் கழுவ வேண்டும். கலா பாரூர்க்காரி. ஏரி, வாய்க்கால், நெல், கரும்பு. அவள் ஒரு டம்ளரைக் கழுவுவதைப் பார்த்தால் ஓர் ஏக்கர் நடவு முடித்துவிடலாம் என்று தோன்றும். கல்யாணமான புதிதில் எங்களுக்குள் நடந்த சண்டைகளில் பாதி, குழாயை யார் மூடாமல் விட்டது என்பது பற்றியவை. மீதிப் பாதி, நான் போய் மூடியது பற்றியவை.

எங்கள் லேஅவுட்டில் போர்வெல் தண்ணீர். சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. குடிப்பதற்கு எல்லா வீட்டிலும் ஆர்.ஓ. மெஷின். அது ஒரு பங்கு நல்ல தண்ணீர் கொடுத்தால் அதைவிட அதிகமாக வேண்டாத தண்ணீரை ஒரு டியூப் வழியாக வெளியே தள்ளும். அந்தத் தண்ணீர் நேராகச் சிங்க்கில் ஓடுவதைப் பார்த்து, கரிசல்காட்டு ரத்தம் எத்தனை நாள் பொறுக்கும்?

ஒரு விடுமுறை நாளில் களத்தில் இறங்கினேன். அந்த டியூபை நீட்டி, சமையலறை ஜன்னலில் துளை போட்டு, சுவர் ஓரமாகக் கிளிப் அடித்து, ரோஜாப் பாத்தி முழுக்க ஓட்டினேன். ஒவ்வொரு செடியின் தூரிலும் ஊசியைக் காய்ச்சி ஒரு பொத்தல். சமையலறையில் யாராவது தண்ணீர் பிடித்தால் வாசலில் ரோஜாவுக்குச் சொட்டும். மின்சாரம் வேண்டாம், மனிதன் வேண்டாம். பக்கத்து வீட்டு ரத்னம்மாவைக் கலாவே கூட்டிவந்து காட்டினாள். என் கைவேலையை அவள் இன்னொருவருக்குக் காட்டியது அந்த ஒருமுறைதான். கம்பெனி கேன்டீனில் நான் அதைப் பற்றிப் பேசாத நாள் இல்லை.

இப்போது வாசகர்கள் பாதிப் பேர் சிரிக்கத் தொடங்கியிருப்பீர்கள். எனக்கு அந்தச் சிரிப்பு வருவதற்கு ரொம்ப நாள் ஆனது.

மஞ்சுநாத்தின் நான்கு கேள்விகள்

நிபந்தனை விதிக்கப்பட்ட அடுத்த ஞாயிறு, மஞ்சுநாத்தை வீட்டுக்கு வரச் சொன்னேன். கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியிலிருந்து வேலைக்கு வருகிறவன். என்னோடு கம்பெனியில் பாய்லர் பிரிவில் இருக்கிறான். அவனுக்கும் ரோஜாவுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. எந்த மெஷின் படுத்தாலும் அதன் முன்னால் நின்று, ஐந்து முறை 'ஏன்' கேட்க வேண்டும். ஐந்தாவது 'ஏன்' கேட்கும்போது குற்றவாளி பிடிபட்டிருப்பான். மஞ்சு அதில் கெட்டிக்காரன். தமிழில் நன்றாகப் பேசுவான், 'ஏன்' மட்டும் கன்னடத்தில்தான் வரும். "யாக்கே?"

பாத்தி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"சார், செடி பூ விடல. யாக்கே?"

"மொட்டு கருகுது மஞ்சு."

"மொட்டு கருகுது. யாக்கே?"

"இலையே ஓரத்துல காயுது. செடிக்குச் சத்து ஏறல."

"சத்து ஏறல. யாக்கே?"

முட்டை ஓட்டில் தொடங்கி, நான் போட்ட உரங்களின் வரலாற்றைச் சொன்னேன். அவன் கேட்கவில்லை. ஒரு செடியின் தூரில் மண்ணை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். வெள்ளையாக ஏதோ பொருக்காகப் பெயர்ந்து வந்தது. நான் அதைப் பல நாள் பார்த்திருக்கிறேன். முட்டை ஓடு மக்கிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

"சார், இத நாம எங்கயோ பாத்திருக்கோம்."

எங்கேயோ இல்லை. பாய்லரைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே குழாய்களில் படிந்திருக்கும் அதே வெள்ளை. உப்பு. என் வேலையே அதுதான். பாய்லருக்குள் போகும் தண்ணீரில் உப்பு ஏறாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் கம்பெனி எனக்கு இத்தனை வருடம் சம்பளம் கொடுத்துவந்திருக்கிறது. தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் மீட்டர் என் தோள்பையில், சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில், தினமும் வீட்டுக்கு வந்து போகிறது.

போய் எடுத்துவந்தேன். டியூபின் பொத்தலுக்குக் கீழே ஒரு டம்ளரைப் பிடித்து, மீட்டரை வைத்தேன். எண் ஏறியது. நிற்கும் என்று பார்த்தேன், இன்னும் ஏறியது. அந்த எண்ணைப் பாய்லரில் பார்த்திருந்தால் சைரன் அடித்திருப்பேன்.

மஞ்சு நல்ல மனிதன். குரலைத் தணித்துக்கொண்டு கேட்டான். "தண்ணில உப்பு. யாக்கே?"

"ஆர்.ஓ. மெஷின் நல்ல தண்ணிய நமக்குக் குடுத்துட்டு, உப்பெல்லாம் சேத்து இதுல தள்ளுது."

அவன் கண் டியூபின் வழியே போனது. பொத்தல், கிளிப், சுவர், ஜன்னல். பிறகு திரும்பி என்னைப் பார்த்தது.

"அஞ்சாவது கேக்கணுமா சார்?"

"வேண்டாம் மஞ்சு."

கலா டீயோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். "நான் கேக்கறேன். அந்த டியூப மாட்டினது யாருங்க?"

டீயை எங்கள் கையில் கொடுத்தாள். பிறகு அவளே சொன்னாள். "ஊறுகாய் போடறதுன்னு சொல்லியிருந்தா நான் மாங்காயே வாங்கியாந்திருப்பேன்."

பாய்லர் வைத்தியம்

பாய்லரில் உப்பு சேர்ந்தால் அடியில் இருக்கிற வால்வைத் திறந்து, பழைய தண்ணீரை வெளியேற்றி, புதுத் தண்ணீர் விடுவோம். மண்ணுக்கும் அதையே செய்ய வேண்டியதுதான் என்று மஞ்சு சொன்னான். உப்பில்லாத தண்ணீரைத் தாராளமாக விட்டு, வேரைச் சுற்றியிருக்கிற உப்பைக் கீழே இறக்கிவிட வேண்டும்.

உப்பில்லாத தண்ணீருக்கு எங்கே போவது? "கெலவரப்பள்ளி அணையிலிருந்து கொண்டுவரலாம்" என்றான் மஞ்சு.

"அது பாதி நாள் கழிவு கலந்து நுரையோட வருது தம்பி. செடிக்கு ஷாம்பு போட்ட மாதிரி ஆயிடும்," என்றாள் கலா.

மிச்சம் இருந்தது வானம். மொட்டைமாடியின் மழைநீர்க் குழாயை ஒரு பெரிய டிரம்முக்குத் திருப்பினேன். டியூபைக் கழற்றிச் சுருட்டினேன். காய்ந்த கிளைகளை வெட்டினேன். சாயங்காலங்களில் மழை வந்தது. டிரம் நிறைய நிறைய, பாத்தியில் கொட்டினேன். தண்ணீரைக் குவளையில் மொண்டு ஊற்றிப் பழகிய கை, குடம் குடமாகக் கவிழ்க்கக் கூசியது. என் பரம்பரையில் யாரும் செய்யாத செலவு அது.

வெட்டிய இடத்துக்குக் கீழே சிவப்பாக ஒரு துளிர் வந்தது. மறுநாள் இன்னொன்று. ஓரம் கருகாத இலை எப்படி இருக்கும் என்பதை நான் மறந்தே போயிருந்தேன். மெழுகு பூசியது மாதிரி இருந்தது.

அப்போது மழை நின்றது. வானம் துடைத்துவிட்டது மாதிரி. டிரம் காலியானது. மண் மறுபடி வெளுக்கத் தொடங்கியது. துளிர்களின் நுனி லேசாக வாடியது. ஆயுத பூஜை நெருங்கிக்கொண்டிருந்தது. போர்வெல் தண்ணீரை ஊற்றவும் பயம், ஊற்றாமல் விடவும் பயம். காலி டிரம்முக்குள் எட்டிப் பார்ப்பது எனக்கு ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

டிக்கியில் வந்தது

அந்தச் சமயத்தில்தான் கார் வந்தது. பழைய கார், வெள்ளை நிறம். அவள் அதற்கு ஒரு துணியைத் தனியாக வைத்துத் துடைத்தாள். தற்காலிகமாகத் தெருவில், ரத்னம்மா வீட்டுப் புங்க மரத்தடியில் நின்றது. நான் ஷிப்ட் முடிந்து வரும்போதெல்லாம் அது என் பாத்தியைப் பார்த்துக்கொண்டு நிற்பது போலத் தோன்றும்.

முதல் பயணம் குலதெய்வக் கோயிலுக்கு, பாரூருக்கு. எனக்கு ஷிப்ட் இருந்ததால் கலா தன் தங்கையை ஏற்றிக்கொண்டு போனாள். சாயங்காலம் திரும்பி வந்தபோது காரின் பின்பக்கம் தரையோடு தாழ்ந்திருந்தது. ஸ்பிரிங்கை உடைத்துவிட்டாள் என்றே நினைத்தேன். வெளியே காட்டிக்கொள்ளவில்லை, உள்ளூர ஒரு சின்ன சந்தோஷம்.

டிக்கியைத் திறந்தாள். கேன் கேனாகத் தண்ணீர்.

"என்ன கலா இது?"

"எங்க ஏரி மதகுத் தண்ணி. எடுத்தாந்தேன்."

"எதுக்கு?"

"எதுக்கா? எத்தினி நாளா அந்த டிரம்மையே எட்டிப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க. இந்தப் பக்கம் புடிங்க, கனமா இருக்குது."

"நீ எதிர்க்கட்சி கலா."

"ஆமா. அதுக்கென்ன. தண்ணி இல்லாம தோத்தீங்கன்னா ஆயுசு முழுக்க அதையே சொல்லிக்கிட்டு இருப்பீங்க. மழை இல்ல, அதனாலதான்னு. என்னால கேக்க முடியாது. எல்லாம் இருந்தும் தோக்கணும். அப்பதான் பேச்சு இருக்காது."

நான் பழக்கதோஷத்தில் மீட்டரை எடுத்து ஒரு கேனுக்குள் விட்டேன்.

"எங்க ஊரு தண்ணிக்கு டெஸ்ட்டு வெக்கற மொத ஆளு நீங்கதான்," என்றாள்.

எண் ஏறவே இல்லை. கொஞ்சம் அசைந்து, அப்படியே நின்றுவிட்டது. அன்று இரண்டு பேரும் சேர்ந்துதான் பாத்தியில் ஊற்றினோம். கடைசிக் கேனை அவள் கவிழ்க்கும்போது பார்த்தேன். வழக்கமாக டம்ளர் கழுவுகிற அதே தாராளம். முதல் முறையாக அது எனக்கு அழகாகத் தெரிந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. இந்த வாரம் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

மொட்டுக்கு ஸ்வெட்டர்

மொட்டு வந்தது. பட்டாணி அளவைத் தாண்டியது. கோலிகுண்டு ஆனது. கருகவில்லை.

பசுமைக்குடில்களில் மொட்டு சீக்கிரம் விரிந்துவிடாமல், நன்றாகப் பருப்பதற்காக வலைத்தொப்பி மாட்டுவார்கள். நான் ஆப்பிளுக்குப் போட்டு வரும் வெள்ளை நுரை வலையை வெட்டி என் மொட்டுகளுக்கு மாட்டினேன். பழக்கடைக்காரர் வெறும் வலையாகக் கேட்கும் வாடிக்கையாளரை அதற்கு முன் பார்த்ததில்லை.

ரத்னம்மா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், எங்களிடம் தமிழும் தெலுங்கும் கலந்து கொடுப்பார். "ஏமி சார், மொக்குக்கு ஸ்வெட்டரா?"

"குளிருதுல்ல ரத்னம்மா."

"எனக்கும்தான் குளிருது. என் வீட்டுக்காரரு என்னத்த வாங்கிக் குடுத்தாரு," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்தக் காலை

ஆயுத பூஜை அன்று விடிவதற்கு முன்பே எழுந்துவிட்டேன். தைரியம் வராமல் முதலில் டீ போட்டுக் குடித்தேன். பிறகு வாசல் விளக்கைப் போட்டுக் கதவைத் திறந்தேன்.

முதலில் கண்ணில் பட்டது, கீழே கிடந்த ஆப்பிள் வலை. உள்ளே இருந்தது அதைத் தள்ளிவிட்டு வெளியே வந்திருந்தது. ரத்தச் சிவப்பு. இதழ்களின் மேல் பனி. டியூபின் முதல் பொத்தலுக்கு நேர் கீழே இருந்து, என்னிடமிருந்து அதிகம் உப்பு வாங்கிக் குடித்த செடி எதுவோ, அதில் பூத்திருந்தது. பக்கத்துச் செடியில் ஒன்று பாதி விரிந்திருந்தது. அதற்கு அடுத்ததில் ஒன்று வலைக்குள்ளேயே முண்டிக்கொண்டிருந்தது.

உள்ளே ஓடி இன்ச் டேப்பை எடுத்துவந்தேன். பூவின் குறுக்கே பிடித்து அளந்துகொண்டிருக்கும்போது பின்னால் குரல் கேட்டது.

"கார் நிக்குமா அதுல?"

கலா. கையில் பூசணிக்காய், எலுமிச்சம்பழம். அவள் குனிந்து பூவைப் பார்த்தாள். நான் இந்த நேரத்துக்காக ஒரு உரையைத் தயாரித்து வைத்திருந்தேன். முன்னுரை, மூன்று பகுதிகள், முடிவுரை. ஷிப்ட் பஸ்ஸில் ஒத்திகைகூடப் பார்த்திருக்கிறேன்.

"பூத்துடுச்சு," என்றாள்.

"ஆமா," என்றேன். உரை அவ்வளவுதான் வந்தது.

போட்டோ எடுத்து மஞ்சுநாத்துக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது. ஒரே வார்த்தை. "யாக்கே?"

காரைக் கழுவிச் சந்தனம் வைத்து, சாமந்தி மாலை போட்டோம். கலா கையை நீட்டினாள். அந்தப் பூவைக் கேட்கிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. இத்தனை பாடுபட்டு வந்ததை வெட்டுவதா என்று ஒரு கணம் மனம் முரண்டியது. பிறகு அந்தத் தாழ்ந்த டிக்கி நினைவுக்கு வந்தது. நானே வெட்டிக் கொடுத்தேன். சாமந்திக்கு நடுவே அதைச் செருகினாள். ஓசூரிலிருந்து எத்தனையோ ரோஜாக்கள் விமானத்தில் போயிருக்கின்றன. எதுவும் இவ்வளவு மிடுக்காக உட்கார்ந்திருக்காது.

பூசணிக்காயை உடைத்தோம். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கார் நகர்ந்தது. தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தது. நான் கேட்டை அகலத் திறந்து வைத்திருந்தேன். ஜெயித்தவன் கொஞ்சம் பெருந்தன்மை காட்டலாமே என்று ஒரு எண்ணம். ஓரத்தில் இருக்கும் ஒரே ஒரு செடியை நகர்த்தி நட்டால், கோணலாகவாவது நிறுத்தலாமே என்றும் ஒரு கணக்கு இருந்தது.

கலா கேட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் போய்ப் புங்க மரத்தடியில் நிறுத்தி, இறங்கிக் கதவைச் சாத்தினாள்.

ரத்னம்மா சுண்டல் கிண்ணத்தோடு வெளியே வந்தார். "ஏம்மா, கேட்டத் தொறந்து வெச்சிருக்காரு. உள்ள விடலியா?"

"உள்ள எங்கக்கா எடம்," என்றாள் கலா. "ரோஜா இருக்குது."